பழைய கோப்பும் புதிய கோப்பும்

டெபியன் கணிப்பொறிகளில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, அதன் நடத்தையை வகுக்கும் அமைப்புக் கோப்பை நிர்வாகியும் திருத்தி, வெளியிட்டோரும் மாற்றியிருப்பின், 'டிபிகேஜி' நின்று வினவுகின்றது. வெறுமனே என்டர் விசையை அழுத்தினால் பழைய கோப்பே நிலைக்கும், புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்னும் பின்னொட்டுடன் அருகே வைக்கப்படும். இம்முறை நன்றே, நிர்வாகியின் உழைப்பைக் கேளாது அழிப்பது தகாது. ஆயினும் அருகே வைத்ததை எத்தனை பேர் திறந்து பார்க்கின்றனர்? ரெட்ஹாட் வழிவந்த இயங்குதளங்களில் அவ்வினாவும் இல்லை. ஒருவரி எச்சரிக்கையோடு '.ஆர்பிஎம்நியூ' கோப்பு தங்கிவிடுகின்றது. வலுவற்றதெனப் புதிய கோப்பில் நீக்கப்பட்ட மறையாக்க முறை, பழைய கோப்பின் துணையால் ஆண்டுக்கணக்கில் நீடிக்க இடமுண்டு. இரு கோப்புகளையும் ஒப்பிட்டு, வேண்டிய வரிகளை இணைக்கும்வரை, புதுப்பித்தல் முடிந்ததென்று பதிவேட்டில் எழுதலாகாது.