ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரி படிங்க

உபுண்டு போட்டாச்சு. வை-ஃபை ஓடுது, சவுண்ட் வருது, சந்தோஷம். ப்ராஜெக்ட்டுக்கு கூடா வேணுமேன்னு என்விடியா டிரைவரையும் இன்ஸ்டால் பண்ணியாச்சு. ரீஸ்டார்ட் பண்ணி டெர்மினல்ல என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சா, டிரைவரோட பேசவே முடியலைன்னு ஒரு வாக்கியம். பைடார்ச்கிட்ட கூடா இருக்கான்னு கேட்டா ‘ஃபால்ஸ்’. அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். பக்கத்து ரூம்ல பென்டிரைவ் கடன் வாங்கி, திரும்ப முதல்ல இருந்து உபுண்டு.

நானும் அதைத்தான் செஞ்சேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணாவது தடவை ராத்திரி ரெண்டு மணி, தூக்கக் கலக்கத்துல ஹோம் இருந்த பார்ட்டிஷனையும் சேர்த்து அழிச்சுட்டேன். ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்காக நாங்க நாலு பேர் உட்கார்ந்து ஒவ்வொண்ணா லேபிள் பண்ணின படங்கள் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் காப்பி இல்லை. காலையில மெஸ்ல வச்சு மத்த மூணு பேர்கிட்டயும் சொன்னப்ப யாரும் திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, மூணு தடவையும் பிரச்சினை ஒண்ணேதான், அதுக்கான தீர்வும் மூணு தடவையும் என் கண்ணு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கு. நம்ம லேப்டாப்கள்ல பெரும்பாலும் செக்யூர் பூட் ஆன்ல இருக்கும். அப்போ கெர்னல் தனக்குத் தெரிஞ்ச கையெழுத்து இல்லாத மாட்யூலை உள்ளே விடாது. என்விடியா டிரைவர் நம்ம மெஷின்லயே டிகேஎம்எஸ் வழியா கட்டப்பட்டா, அதுக்கான கையெழுத்துச் சாவியும் நம்ம மெஷின்லயே உருவாகும். அந்தச் சாவியை இந்த லேப்டாப் நம்பணும்னா, ஓனர் நேர்ல இருந்து ஒப்புதல் கொடுக்கணும். அதுக்குத்தான் இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்குது. ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வரும். அதுல முதல் ஆப்ஷன் ‘கன்டின்யூ பூட்’, ரெண்டாவது ‘என்ரோல் மோக்’. நான் மூணு தடவையும் என்னமோ ஏதோன்னு என்டர் தட்டி முதல் ஆப்ஷன்ல போயிட்டேன். ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தா ஒரு நிமிஷ வேலை. தவறவிட்டாலும் ஒண்ணும் மோசமில்லை. மோக்-யூடில் கமாண்ட்ல அந்தச் சாவியை மறுபடி இம்போர்ட் பண்ணி ரீஸ்டார்ட் செஞ்சா அதே நீலத் திரை திரும்ப வரும்.

இதை எப்படிக் கண்டுபிடிச்சேன்? மாட்யூலைக் கையால லோட் பண்ணிப் பார்த்தேன். மோட்ப்ரோப் என்விடியா. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’னு பதில் வந்துச்சு. சாவி நிராகரிக்கப்பட்டதுன்னு அந்த மெஷின் தெளிவாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அதுக்கு முன்னாடி கேட்கவே இல்லை.

‘செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு மச்சி, அவ்ளோதான்’னு உங்க சீனியர் சொல்லுவார். வேலை செய்யும், மறுக்கல. ஆனா அதே லேப்டாப்ல விண்டோஸும் இருந்து, அதுல பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, அடுத்த தடவை விண்டோஸுக்குள்ள போகும்போது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு உட்கார்ந்துக்கலாம். அந்த நம்பர் எங்க இருக்குன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால ஆஃப் பண்றதுன்னா முதல்ல அந்தக் கீயை எடுத்து வச்சுட்டு ஆஃப் பண்ணுங்க.

இன்னொரு வகை, நேத்து வரைக்கும் ஓடின மெஷின் அப்டேட்டுக்கு அப்புறம் கறுப்புத் திரையோட நிக்கிறது. லினக்ஸ் கெர்னலோட உள் அமைப்பு வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், வெளியில இருந்து வர்ற மாட்யூலுக்காக அது நிலையா இருக்கும்னு யாரும் வாக்குக் கொடுக்கல. அதனால புது கெர்னல் வந்தா டிரைவர் மாட்யூலையும் புதுசா கட்டணும். உபுண்டுவோட பேக்கேஜ் வழியா போட்டிருந்தா பொதுவா அது தானாவே நடக்கும். விண்டோஸ் பழக்கத்துல வெப்சைட்ல இருந்து ரன் ஃபைலை டவுன்லோட் பண்ணி, டிகேஎம்எஸ்லயும் பதிவு பண்ணாம விட்டிருந்தா நடக்காது. அப்பவும் ஃபார்மட் வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்க, பெரும்பாலும் லாகின் கேட்கும். இல்லைன்னா கிரப் மெனுவுல பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ள போங்க. யூநேம்-ஆர் காட்டுற கெர்னல் வெர்ஷனும் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் காட்டுற வெர்ஷனும் பொருந்துதான்னு பாருங்க. பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சுடும்.

‘இதெல்லாம் என்விடியா சரியா செய்ய வேண்டியது, நான் ஏன் தலையைப் பிச்சுக்கணும்?’னு கேட்டா, நியாயமான கேள்விதான். 2012ல பின்லாந்துல ஆல்டோ பல்கலைக்கழகத்துல லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாடியே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். கெர்னல் மாட்யூல்களோட சோர்ஸை அந்த நிறுவனம் வெளியிட்டது 2022 மே மாசம்தான். அதுவும் ட்யூரிங் தலைமுறைக்கும் அதுக்குப் பிந்தைய கார்டுகளுக்கும்தான். இன்னமும் அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிற கூடா எல்லாம் மூடின பெட்டிதான். கோபப்பட உரிமை இருக்கு. ஆனா நாளைக்கு காலையில உங்க ரிவ்யூ கமிட்டிகிட்ட அந்தக் கோபத்தை டெமோவா காட்ட முடியாது.

‘ரெண்டு நாள் மண்டையைக் குடையறதுக்கு நாப்பது நிமிஷத்துல ஃபார்மட் அடிச்சுடலாமே’ன்னும் சொல்லுவாங்க. என் கணக்கைப் பாருங்க. மூணு ஃபார்மட், ஒவ்வொண்ணுக்கும் மறுபடி எல்லா லைப்ரரியும், ஹாஸ்டல் வை-ஃபைல. கூடவே போன டேட்டாசெட். கமாண்ட் அடிச்சு அந்த ஒரு வரியைப் படிக்க ஆனது பத்து செகண்டு.

எனக்கு உண்மையான வருத்தம் வேற இடத்துல. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல கெர்னல் மோட், யூசர் மோட் வித்தியாசத்தை பதிமூணு மார்க்குக்கு எழுதினவங்க நாம. லேப்ல ரவுண்ட் ராபினும் பேங்கர்ஸ் அல்காரிதமும் சி-ல எழுதி அவுட்புட் எடுத்தோம். ஒரு கெர்னல் மாட்யூல் லோட் ஆகுதா, ஏன் ஆகலைன்னு ஒரு தடவை கூட யாரும் பார்க்கச் சொல்லல. அதனாலதான் நிஜமா ஒரு மாட்யூல் லோட் ஆகாம நின்னப்ப அதுவும் படிச்ச பாடமும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணவே இல்லை.

லேப்ல ஒரு எக்ஸ்பெரிமெண்ட்டையாவது மாத்தலாம். டிரைவரை வேணும்னே உடைச்ச ஒரு மெஷினை முன்னாடி வச்சுட்டு, ஏன் ஓடலைன்னு லாக் பார்த்து ஒரு பக்கம் எழுதச் சொல்லணும். சரி பண்ணாட்டியும் மார்க் கொடுக்கலாம், காரணம் சரியா இருந்தா போதும். கேட்கிறதுக்கு நாலாவது செமஸ்டர் ரெப்புகள் முன்வந்தா நானும் கூட வர்றேன்.

அதுவரைக்கும் என் ரூமுக்கு லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்ற ஜூனியர்கள், ‘ஓடலண்ணா’ன்னு மட்டும் சொல்லாதீங்க. மோட்ப்ரோப் என்ன பதில் சொல்லுச்சுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பென்டிரைவ் கேட்டா கிடையாது.