24,000 வரைபடங்கள் சொன்ன சாட்சி

கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லையை வளைப்பது தவறுதான். ஆனால் எது நியாயமான எல்லை என்று அளந்து சொல்ல வழியில்லை, அதை அரசியல்வாதிகளே தீர்த்துக்கொள்ளட்டும். அமெரிக்காவில் இன்று கோலோச்சும் கருத்து இதுதான். 2019இல் ரூச்சோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதையே தீர்ப்பாகவும் ஆக்கிவிட்டது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்றுகூடக் கணிதத்தின் முன் நிற்காது.

வழக்கு வட கரோலினா மாநிலத்தினுடையது. 2016இல் வரைபடத்தைத் தயாரித்த குழுவை நடத்திய குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ், நாடாளுமன்றத்துக்கான 13 இடங்களில் 10 தம் கட்சிக்கு வரும்படி வரையச் சொல்வதற்குக் காரணம், 11 வரும்படி வரைய முடியும் என்று தாம் நம்பாததே எனக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 53 சதவீத வாக்கு. இடங்கள், அவர் சொன்னபடியே 10.

அதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய பெரிய பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. புதிய எல்லைக்கோடு அதன் வளாகத்துக்குள் லாரல் தெரு வழியாகவே ஓடியது. ஒரே பல்கலைக்கழக மாணவர்கள் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் வேறு தொகுதி. ஜனநாயகக் கட்சிக்குச் செல்லக்கூடிய அவர்கள் வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. இரு தொகுதிகளிலும் குடியரசுக் கட்சியே வென்றது.

“இப்படி வழக்குப் போடுபவர்கள் உண்மையில் கேட்பது வாக்கு விகிதப்படி இடங்கள், அரசியல் சட்டம் அதைத் தரவில்லை” என்பது தீர்ப்பின் முக்கிய வாதம். டியூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜொனாதன் மேட்டிங்லி செய்ததைப் பாருங்கள். சமமான மக்கள்தொகை, துண்டுபடாத நிலப்பரப்பு, மாவட்டங்களைக் கூடியவரை உடைக்காமை, ஒழுங்கான வடிவம் போன்ற சட்ட விதிகளைக் கணினிக்குக் கொடுத்தார். கட்சி பற்றி ஒரு தகவலும் தரவில்லை. எல்லையோரத்துச் சிறு பகுதிகளை ஒரு தொகுதியிலிருந்து பக்கத்துத் தொகுதிக்கு மாற்றி மாற்றி, 24,000க்கும் மேற்பட்ட வரைபடங்களைக் கணினி உருவாக்கியது. மக்கள் உண்மையில் போட்ட வாக்குகளை அவற்றின்மேல் வைத்து எண்ணியபோது, 99 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஜனநாயகக் கட்சிக்கு 3ஐவிடக் கூடுதலான இடங்கள் கிடைத்தன. வாக்கு விகிதம் இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை. அந்த மாநிலத்தின் மக்கள் எங்கெங்கே வாழ்கிறார்கள், சட்டம் என்ன கேட்கிறது என்ற இரண்டே போதுமானதாக இருந்தன.

விகிதத்தைக் கணிதம் ரகசியமாகத் திணிக்கிறது என்போர் மாசசூசெட்ஸைப் பார்க்கட்டும். அங்கே குடியரசுக் கட்சிக்கு மாநில அளவில் 30 முதல் 40 சதவீத வாக்குகள் அடிக்கடி விழுகின்றன. ஆனால் 1994 தேர்தலுக்குப் பிறகு நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையில் ஓர் இடத்தையும் அக்கட்சி வென்றதில்லை. சதி என்று தோன்றும். மூன் டூசின் என்ற கணிதவியலாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, சதி காரணமில்லை என்றார்கள். அக்கட்சியின் வாக்காளர்கள் மாநிலம் முழுதும் சீராகப் பரவியிருப்பதால், ஆராய்ந்த சில தேர்தல்களில் கோட்டை எப்படி வரைந்தாலும் அவர்களுக்கு ஓர் இடமும் தேறாது. குற்றமில்லாத இடத்தில் குற்றமில்லை என்றும் சொல்லத் தெரிந்த அளவுகோல் இது. இதைவிட என்ன நடுநிலை வேண்டும்?

“எவ்வளவு போனால் அதிகம்?” என்று அடுத்த கேள்வி. 1964இலிருந்து தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்கிறதா என்று எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவரும் நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வியா இது? எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்குகள் சிக்கலானவைதான். நடுநிலையாக வரைந்த நூறில் ஒன்றுகூட ஒத்துப்போகாத வரைபடம் அந்த வகை இல்லை.

வாக்காளர் மனம் மாறும், முன்கூட்டிக் கணிக்க இயலாது என்பதும் சொல்லப்படுகிறது. அப்படியானால் வரைந்தவர்கள் பழைய தேர்தல் முடிவுகளை வைத்துக்கொண்டு ஏன் வரைந்தார்கள்? அவர்கள் கணிப்பு பலித்ததே.

விநோத வடிவம் காட்டிக்கொடுத்துவிடும், கணக்கு எதற்கு என்போரும் உண்டு. 2016 வரைபடம் முந்தையதைவிடப் பார்வைக்குச் சீரானது. கண்ணை நம்பியிருந்தால் அது தப்பியிருக்கும்.

எந்த வரைபடம் ஆகச்சிறந்தது என்று கணிதம் சொல்லாது. ஊர்களை உடைக்காமல் காப்பதா, போட்டி மிகுந்த தொகுதிகளை உண்டாக்குவதா என்பதை மனிதர்களே முடிவுசெய்ய வேண்டும். முறைகேட்டைக் கண்டுபிடிக்க அந்த முடிவு தேவையில்லை. பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் இத்தகைய கணினி வரைபடச் சாட்சியத்தைக் கேட்டுப் பழைய எல்லைகளை ரத்து செய்தது. அதற்கு முந்தைய மூன்று தேர்தல்களிலும் 18க்கு 13 இடங்கள் ஒரே கட்சிக்குப் போயிருந்தன. புதிய எல்லையில் 9க்கு 9 ஆனது.

வட கரோலினாவிலும் மாநில நீதிமன்றத் தலையீட்டால் வந்த வரைபடத்தில், இடங்கள் 14 ஆகியிருந்த 2022 தேர்தல் 7க்கு 7 என்று முடிந்தது. பின்னர் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மாறினர். 2023 ஏப்ரலில், அளவுகோல் இல்லை என்ற அதே வாதத்தைச் சொல்லி தன் முந்தைய தீர்ப்பை அது புரட்டியது. சட்டமன்றம் மீண்டும் தன் விருப்பப்படி வரைந்தது. 2024இல் குடியரசுக் கட்சிக்கு 14இல் 10 இடங்கள். அதே நாளில் அதே மாநில வாக்காளர்கள் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனை.