முந்திரிப் பழம் என்ன பாவம் செய்தது?

பங்குனி, சித்திரையில் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் கொல்லைகளில் நடந்து பாருங்கள். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே போட்டுவிடுகிறோம். ஆடு மாடு தின்றது போக மிச்சம் புளித்து நாறுகிறது. கொட்டையைவிடப் பல மடங்கு எடை அந்தப் பழம்!

கோவாவில் அதை மிதித்துப் பிழிந்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். முதல் வடிப்பு உர்ராக். எலுமிச்சை, உப்பு, கீறிய பச்சைமிளகாய் போட்டுக் குடிப்பார்கள். கூடவே வறுத்த மீன். அடுத்த வடிப்பு ஃபெனி. 2009-லேயே அதற்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். நம்மூரில் வடித்தால் சாராய வழக்கு.

"வயசான காலத்தில் குடிக்கு வக்காலத்தா?" என்பீர்கள். 2003 முதல் டாஸ்மாக்கில் அரசே சில்லறைக்கு விற்கிறதே, அது மட்டும் தீர்த்தமா? அந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சரக்கு. நம் கொல்லைக்காரருக்கு அதில் சல்லிக்காசு உண்டா?

சரி, போதையே வேண்டாம். சாறாக விற்கலாமே! தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பைக் கஞ்சித் தண்ணீர் எடுத்துவிடும். வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 போன்ற நல்ல ரகங்களைக் கொடுத்தது. அதிலும் பேச்செல்லாம் கொட்டையைப் பற்றித்தான்.

மே 1 கிராமசபையில் சாறு பிழியும் ஆலை வேண்டுமென்று எழுந்து கேளுங்கள். உள்ளூரிலேயே வேண்டும். உதிர்ந்த பழம் மறுநாள் தாங்காது.