அருவியில் கொட்டுது, குழாயில் சொட்டுது!
மோட்டார் வைத்து உறிஞ்சினால் சாக்கடையும் சேர்ந்து வரும்

தென்காசி: சாரல் சீசனில் குற்றாலம் மெயினருவி ஆர்ப்பரிக்கும். ஆனால் அந்த அடைமழைக் காலத்திலும் தெருக்கோடி வீட்டில் "தண்ணி வரலியே" என்ற புலம்பல் ஓயாது. தொட்டியில் தண்ணீர் இருக்கும். குழாயில் வராது. ஏன்?

தண்ணீருக்குத் தள்ளுவிசை வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் உயரம் 10 மீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். அந்த அழுத்தம் குழாய்ச் சுவரில் உரசி உரசியே கரைந்துவிடும். மெயினருவியைப் பாருங்கள். மலையிலிருந்து விழும் தண்ணீர் பொங்குமாகடலில் மோதி, ஆவேசம் குறைந்து, பிறகுதான் கீழே வழிகிறது. அதனால்தான் அருவியில் தலை கொடுக்க முடிகிறது. குழாயில் இந்த வேலையைச் செய்வது எல்போ வளைவும் பாதி திறந்த வால்வும்!

குழாயின் நீளம் இரு மடங்கானால் தண்ணீர் சுமார் 30 சதவீதம் குறையும். கடைசி வீட்டுக்காரர் பாவம், இங்கேயே தோற்றுப் போகிறார்.

எல்லாவற்றையும் விட குழாயின் அகலம்தான் முக்கியம். அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலம் போட்டால் தண்ணீர் இரண்டு மடங்கு அல்ல, ஐந்தாறு மடங்கு வரும். பழைய இரும்புக் குழாயில் இதுவே தலைகீழாக நடக்கிறது. உள்ளே துருவும் உப்பும் படிந்து வழி சுருங்குகிறது, சுவரும் சொரசொரப்பாகிறது. குழாய் பழசானால் ஓட்டம் குறையும் என்பதை பிரான்ஸ் என்ஜினீயர் ஹென்றி டார்சி 1857லேயே சோதனை செய்து வெளியிட்டுவிட்டார்.

பொறுமை இழந்தவர்கள் மோட்டாரை மாட்டுகிறார்கள். வம்பே இங்குதான்! மோட்டார் இழுக்கும்போது மெயின் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே போய்விடும். அப்போது விரிசல் வழியாக வெளியிலுள்ள சாக்கடை நீர் உள்ளே நுழையும். டைபாய்டு, மஞ்சள் காமாலை வரும் வழிகளில் இதுவும் ஒன்று. மோட்டார்காரர் பிடிப்பதும் அதே தண்ணீர்தான்.

மோட்டாரைப் பறிமுதல் செய்வது சரியான நடவடிக்கையே. ஆனால் அது பாதி வேலை. துருப்பிடித்த குழாயை மாற்றி, மேட்டுத் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும் தனி நேரம் ஒதுக்கி வால்வு திறக்காவிட்டால், மறுவாரமே மோட்டார் திரும்பி வரும். அதுவரை, திறந்ததும் வரும் முதல் இரண்டு குடத்தைக் குடிக்க வைக்காதீர்கள். மீதியையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.