ஜாபிதாவில் இல்லாத சாமான்

தூரப் பிரயாணம் என்றதும் நம் வீடுகளில் ஜாபிதா போடுவது வழக்கம் அல்லவா? 1916-ம் வருஷம் அமெரிக்காவில் அகஸ்டா, அடலின் வான் ப்யூரன் என்னும் சகோதரிகள் இருவர் போட்ட ஜாபிதா சற்று விசித்திரமானது. ஆளுக்கொரு 'இந்தியன்' மோட்டார் சைக்கிள் (பெயர்தான் இந்தியன், பிறந்தது அமெரிக்காவில்!), இரவில் வழி காட்ட காஸ் விளக்கு, உடம்புக்குத் தோல் உடுப்பு.

எதற்காக இந்த ஏற்பாடு? யுத்தம் வந்தால் ராணுவச் செய்திகளை மோட்டார் சைக்கிளில் கொண்டு செல்ல ஸ்திரீகளாலும் முடியும் என்று நிரூபிப்பதற்காக.

ஜூலை 4-ந் தேதி நியூயார்க்கிலிருந்து புறப்பட்டார்கள். சிகாகோவைத் தாண்டியதும் சிற்றூர்ப் போலீஸார் வழி மறித்தார்கள். குற்றம், ஆண் உடை தரித்தது! பிறகு முடிவில்லாத புல்வெளிகள், மழையும் சேறும். அதற்கப்பால் ராக்கி மலை. 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தில், மோட்டார் சைக்கிளில் ஏறிய முதல் ஸ்திரீகள் இவர்களே. ஸால்ட் லேக் நகருக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தவறி, தண்ணீரும் தீர்ந்துபோன சமயத்தில், தாது தேடித் திரிந்த ஒருவர் வந்து காப்பாற்றினார்.

சுமார் 5,500 மைல் கடந்து, செப்டம்பர் 8-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் அடலின் ராணுவத்துக்கு மனுப் போட்டார். சர்க்கார் நிராகரித்துவிட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை, சட்டம் படித்துத் தேறினார். அகஸ்டாவோ ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். மலையையும் பாலைவனத்தையும் கடக்க வேண்டியதெல்லாம் ஜாபிதாவில் எழுதலாம். ஆண்பிள்ளைகளின் அபிப்பிராயத்தைக் கடக்க என்ன சாமான் எடுத்துப் போவது?