முனவ்வர் ஃபாரூக்கி: நீதி வேறு, முன்மாதிரி வேறு

பாடி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்களும் தமிழ் மட்டுமே தெரிந்த குடும்பங்களும் ஒரே மஹல்லாவில் வாழ்கின்றன. இரு வீட்டு வாலிபர்களின் கைபேசியிலும் இன்று முனவ்வர் ஃபாரூக்கியின் ராப் பாடலோ நகைச்சுவைத் துணுக்கோ ஓடுவதைப் பார்க்கிறோம். “பாட்டுதானே” என்று விட்டுவிடும் பெற்றோர் உண்டு. “ஹராம்” என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுபவர்களும் உண்டு. பிள்ளை ஏன் இவரைக் கேட்கிறான் என்று இரு சாராரும் விசாரிப்பதில்லை.

யார் இவர்?

1992 ஜனவரி 28 அன்று குஜராத்தின் ஜூனாகட்டில் பிறந்தவர். பதின்ம வயதில் தாயை இழந்தார். குடும்பம் மும்பை டோங்கிரிக்கு வந்தது. பாத்திரக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர், பின்னர் கிராஃபிக் டிசைனர் ஆனார். பிறகு மேடை நகைச்சுவை, ராப் என்று வளர்ந்தார். 2023இல் ‘மதாரி’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2025இல் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற இணையத் தொடரில் நாயகனாக நடித்தார். வறுமை, தாயின் பிரிவு, சந்தேகப் பார்வை ஆகியவற்றை அவர் பேசும்போது, நம் பிள்ளைகள் தங்கள் கதையையே கேட்பதாக உணர்கிறார்கள்.

இந்தூரில் நடந்தது

2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஒரு நிகழ்ச்சியின்போது, பாஜக சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன் கொடுத்த புகாரில் முனவ்வர் கைது செய்யப்பட்டார். இந்து தெய்வங்களை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அன்று அப்படிப் பேசியதற்கு அவருக்கு எதிராகக் காணொளி ஆதாரம் இல்லை என்று காவல் அதிகாரியே செய்தியாளர்களிடம் கூறினார். ஆனாலும் ஜனவரி 28 அன்று, அவரது பிறந்த நாளிலேயே, உயர்நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கியது. கைதுக்கு முன் பின்பற்ற வேண்டிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்ற வாதத்தை அது கவனத்தில் கொண்டது. அதற்குள் ஐந்து வாரச் சிறைவாசம் முடிந்திருந்தது.

வெளியே வந்த பிறகும் தொல்லை ஓயவில்லை. 2021 நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சி ரத்தானது. 2022 ஆகஸ்டில் டெல்லியில் அனுமதி மறுக்கப்பட்டது. இதற்கிடையே காட்சியும் மாறியது. 2022 மே மாதம் ‘லாக் அப்’ நிகழ்ச்சியில் வென்றார். 2024 ஜனவரி 28 அன்று ‘பிக் பாஸ் 17’ பட்டத்தையும் வென்றார். மூன்றாண்டுகளுக்கு முன் ஜாமீன் மறுக்கப்பட்ட அதே தேதி!

நாம் எங்கே நிற்க வேண்டும்?

இங்கேதான் நாம் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒருவருக்கு அநீதி நடந்தால் அவர் பக்கம் நிற்பது கடமை. அவர் பாடுவது நமக்குப் பிடித்திருக்கிறதா என்பது அதற்கு நிபந்தனை அல்ல. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கட்டளை (5:8) எல்லோருக்கும் பொது. அதேபோல, “நம்ம ஆள்” என்ற பாசமும் நீதியை மறைக்கக் கூடாது (4:135).

அந்த அளவுகோலை அவருக்கும் வைப்போம். பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது என்பது குர்ஆனின் தடை (6:108). ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தைப் பரிகசிப்பதும் தடை (49:11). 2024 ஆகஸ்டில் கொங்கணி மக்களைப் பற்றிய தனது நகைச்சுவைக்காக முனவ்வரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பட்டம் தந்த அதே ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் அவரது சொந்த வாழ்க்கை கோடிக்கணக்கானோர் முன் அலசப்பட்டது. குறைகளை மறைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. குறைகளைக் காட்சிப்படுத்திக் காசாக்குவது அந்த மேடை. நம் பிள்ளைக்கு அந்த வெற்றியா கனவாக இருக்க வேண்டும்?

கவிஞர்களைக் கண்டிக்கும் அஷ்ஷுஅரா அத்தியாயமே (26:224-227) சிலருக்கு விலக்கும் தருகிறது. ஈமான் கொண்டு, நற்செயல் செய்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தற்காத்துக்கொள்பவர்களுக்கு அந்த விலக்கு. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதையால் பதிலடி கொடுக்க நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே மிம்பர் போடப்பட்டது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் நம் மண்ணுக்குச் சொந்தக்காரர். இசைக்கருவிகள் பற்றிய மார்க்க அறிஞர்களின் கண்டிப்பு நமக்குத் தெரியும். ஆனால் சொல்லால் வலியைச் சொல்வதை மார்க்கம் அடைக்கவில்லை.

ஆகவே, பாட்டை நிறுத்து என்று சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. வாடகை வீடு மறுக்கப்படுவதையும், வேலைக்குப் போன இடத்தில் பெயரைக் கேட்டதும் முகம் மாறுவதையும் நமது ஜும்ஆ பயான்கள் எத்தனை முறை பேசியிருக்கின்றன? பள்ளிவாசலில் அந்த வலிக்கு இடமில்லை என்றால், பிள்ளை காதில் இயர்போனை மாட்டிக்கொள்வான்.

ஜமாஅத்துகள் சட்ட அறிவையும் கற்றுக்கொடுக்கலாம். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றச்சாட்டுகளில் உடனே கைது செய்வது கட்டாயமல்ல. தேவையில்லாதபோது முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 35ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சமூக ஊடகப் பதிவுக்காக ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் வீட்டார் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அநீதிக்கு எதிராகக் குரல் கொடுப்பவர்களாகவும், அந்தக் குரலால் பிறரைப் புண்படுத்தாதவர்களாகவும் நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.