நூறடி நிலம்

“திறமை இருந்தால் தானே வெளிப்படும், தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள்” என்று மேடையேறும் பெரியவர்கள் நமக்கு உபதேசிக்கின்றனர். பார்த்தோம், ஐயா! யாழ்ப்பாணத்துப் பெண்ணான அந்த வலைப்பந்து வீராங்கனை, 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் நின்றார். 2018இல் சிங்கப்பூரை 69–50 என வீழ்த்தி அதனை மீட்ட அணியிலும் நின்றார். கடல் கடந்து ஆஸ்திரேலியக் கழகத்துக்கும் ஆடினார். பத்திரிகைகளோ அவருடைய ஆறடி பத்தங்குல உயரத்தையே அளந்து அளந்து மாய்ந்தன! உயரம் இயற்கை தந்தது. குறி தவறாத கை உழைப்பால் வந்தது. அவ்வுழைப்புக்குப் பள்ளியும் பயிற்சியும் ஆடுகளமும் வேண்டியிருந்தன.

கொத்மலை லயத்துச் சிறுமிக்கு என்ன இருக்கிறது? வலைப்பந்துக்கு வேண்டியது நூறடி நீளமும் ஐம்பதடி அகலமுமான சமதளம். மலைச்சரிவில் அதற்கு எங்கே போவது என்கின்றனர். டிக்கோயாவின் தரவளையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, வெள்ளைத் துரைமாரின் கிரிக்கெட்டுக்கு இதைவிடப் பன்மடங்கு நிலம் கிடைத்ததே! அன்று மட்டும் மலை வளைந்து கொடுத்ததோ?

அச்சிறுமியின் தாயை அளப்பது தராசு ஒன்றே. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். தாய் மலையிறங்கி வரும்வரை தம்பியை இடுப்பில் சுமப்பவள் எந்நேரத்தில் பந்தைத் தொடுவாள்? அவள் கை குறி தவறுமா என்று பார்க்கவே இடந்தராதவர்கள், அவளிடம் திறமை இல்லையென்று தீர்ப்பெழுதுகின்றனர். அதற்குச் சாட்சியாகத் தர்ஜினியையும் இழுக்கின்றனர்!

தோட்டப் பாடசாலைதோறும் ஒரு சமதளம், இரண்டு கம்பங்கள், ஓர் உடற்கல்வி ஆசிரியர். அவற்றைத் தந்துவிட்டுப் பேசட்டும்.